ஒன்றரை விரல்

அத்தியாயம் 11

மனித குலத்தின் அத்தனை துன்பங்களுக்கும் மூல காரணம், சரியாகப் பொருத்தப்படாத கீல்.

இது கதவுக்காரரின் கண்டுபிடிப்பு. பேரரசுகள் சரிந்தது கோட்டைக் கதவின் கீல் தேய்ந்ததால். கல்யாணங்கள் முறிவது படுக்கையறைக் கதவு ஒழுங்காகச் சாத்தாததால். பிள்ளைகள் கணக்கில் தோற்பது வகுப்பறைக் கதவு கிறீச்சிட்டுக் கவனத்தைக் கெடுப்பதால். முப்பது வருடங்களாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கதவு மாட்டிக்கொடுத்துப் பெற்ற ஞானம் இது. இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் பேசத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும் என்பது அதற்கு ஒரு துணைக் காரணமாக இருக்கலாம்.

ஆகவே, வியாழக்கிழமை சாயங்காலம் மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "தாடை இறுக்கமா இருக்குப்பா. காதுகிட்ட வலிக்குது" என்று சொன்னபோது அவர் டாக்டரைத் தேடவில்லை. தாடை என்பது என்ன? முகத்தில் மாட்டிய கதவு. காதோரம் இருப்பது என்ன? கீல். ஊரிலேயே பெரிய நிபுணர் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு வெளியாள்?

"இறுகின கீலைப் பயந்து பயந்து திறந்தா இன்னும் இறுகும். முழுசா வீசித் திறக்கணும்" என்றார். ஒரு பெரிய ஆப்பிளைக் கழுவி எடுத்துவந்தார். "இதை அப்படியே கடி."

கடித்தாள்.

"இன்னும் அகலமா."

கடித்தாள்.

"இன்னும்!"

காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். சென்ற வாரம் நாம் சமையலறையில் விட்டுவிட்டு வந்த காட்சி அதுதான்: பாதி கடித்த ஆப்பிள், பாதி திறந்த வாய், முழுசாக வெளிறிய அப்பா. அதற்குப் பிறகு அவள் வாய் ஒன்றரை விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

"காலைல சரியாயிடும். அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் சரியாகவில்லை. சனிக்கிழமை காலையிலும் இல்லை. மனைவியிடம், "தூங்கி எழுந்திருச்சப்போ அப்படி இருந்துச்சாம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமைதான் இந்த அத்தியாயம்.

மகளைக் கடுகு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். உருவம் சிறியது, சூடு பட்டால் வெடிப்பாள் என்பதால் வைத்த பெயர். மூன்று மாடிக் கடை ஒன்றில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் வேலை. 'நீலச் சட்டை அணிந்த குழந்தை பாத்திரப் பிரிவில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வரவும்' என்று அவள் சொன்னால், அந்தக் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அப்படி ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்ட யாரோ சொல்லி, வானொலியில் செய்தி வாசிப்பவர் வேலைக்கு விண்ணப்பித்து, இரண்டு சுற்றுகளைத் தாண்டி, இன்றைக்குப் பிற்பகல் கடைசிச் சுற்று. மூன்று பேரில் ஒருவருக்கு வேலை. வராதவருக்கு மறு வாய்ப்புக் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

ஒன்றரை விரல் வாயால் 'வணக்கம்' சொல்லலாம். 'பாராளுமன்றம்' சொல்ல முடியாது. 'அப்பா' என்பதே 'எப்பெ' என்று வந்தது.

அம்மா மேசையில் சூப்பை வைத்து, உறிஞ்சுகுழலையும் வைத்தாள். கணக்கு டீச்சர். குறைவாகப் பேசுவாள், பேசினால் விடை சரியாக இருக்கும்.

"என் தம்பியை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்றார் கதவுக்காரர்.

"மூணு மணிக்குள்ள பண்ணிடுங்க. அவளுக்கு டெஸ்ட் இருக்கு."

"விளையாட்டா இருக்கா உனக்கு? நல்லா இருந்த பல்லை எல்லாம் கம்பி கட்டி இழுத்தான். ரெண்டரை வருஷம் இழுத்தான்! பலகையை நகர்த்தினா கீல் என்னத்துக்கு ஆகும்? போன்ல போட்டிருக்கான், படிச்சுப் பாரு. கிளிப்பு போட்டவங்களுக்குத் தாடை மூட்டு போகுதாம்."

"அதே போன்லதான் பூமி தட்டைன்னும் போட்டிருக்கான்."

"நீ எப்பவும் என் தம்பி கட்சி."

"நான் சூப்பு கட்சி. ஆறிடப்போகுது, அவளைக் குடிக்க விடுங்க."

கடுகு அப்பாவைப் பார்த்தாள். குழலை உறிஞ்சினாள். அந்தப் பார்வையில் ஒரு ஆப்பிள் இருந்தது. கதவுக்காரர் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

கோபம் ஒரு அருமையான போர்வை. குற்றவுணர்ச்சியை அதற்கடியில் படுக்கவைத்தால் கால்விரல்கூட வெளியே தெரியாது. இரண்டு இரவுகளாக அவர் அந்தப் போர்வையைத்தான் இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். இப்போது அது சுடத் தொடங்கியிருந்தது.

*

தம்பி பல் வரிசை டாக்டர். ஊர் வைத்த பெயர் கிளிப்பு டாக்டர். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் அவருடைய மருத்துவமனை.

படியேறும்போதே கதவுக்காரர் முடிவுசெய்திருந்தார், உள்ளே நுழைந்ததும் கதவை அறைந்து சாத்துவதென்று. சண்டைக்கு அது நல்ல ஆரம்பம். உள்ளே நுழைந்தார். பலம்கொண்ட மட்டும் கதவைப் பின்னால் தள்ளினார். அது ஒரு பெருமூச்சு விட்டு, மிகுந்த மரியாதையோடு, மெல்ல மெல்லப் போய்ச் சாத்திக்கொண்டது. நோயாளிகள் திடுக்கிடக் கூடாது என்று, அறையவே முடியாதபடி விசைவைத்த கதவு. போன வருடம் மாட்டிக்கொடுத்தவர் அவரேதான்.

இதனால் கோபம் இருமடங்கானது.

"டேய்! என் பொண்ணு வாயை என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

காத்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர் தங்கள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர் எழுந்து போய்விட்டார்.

கிளிப்பு டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தார். "உள்ள வாங்கண்ணே. உள்ள பேசுவோம்."

"உள்ள என்ன உள்ள? நாலு பேருக்குத் தெரியட்டும். இது யாரு? சொல்லு, இது யாரு?"

அவர் விரல் நீட்டிய சுவரில் இரண்டு பெரிய படங்கள் சட்டம்போட்டு மாட்டியிருந்தன. முதல் படத்தில் பதினான்கு வயதுக் கடுகு, முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்க, வாயை மூட முயன்றுகொண்டிருந்தாள். கீழே 'முன்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது படத்தில் பதினேழு வயதுக் கடுகு, எண்ணி அடுக்கிய பல்வரிசையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'பின்'.

"விளம்பரத்துக்கு என் பொண்ணு. இப்ப அவ சூப்பு உறிஞ்சறா. எங்கடா அந்தப் படம்?"

"அண்ணே, முதல்ல அவளைப் பாக்க விடுங்க."

கடுகு யாரையும் கேட்காமல் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். விளக்கைத் தானே முகத்துக்கு நேராக இழுத்துவிட்டாள். இரண்டு ஆண்களும் வாசலில் நின்று யார் முதலில் நுழைவது என்பதிலேயே இடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் அவள் காதோரம் விரல் வைத்தார். திறக்கச் சொன்னார். தாடை கொஞ்சம் திறந்து, இடது பக்கமாகச் சாய்ந்து, நின்றது. விரல்களை நிமிர்த்தி அவள் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்றரை. சாதாரணமா மூணு போகணும்." முகம் மாறியது. "உள்ள எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கு. அது முன்னால நழுவி மாட்டிக்கிச்சு. அதான் வழி விட மாட்டேங்குது."

"நீ கம்பி கட்டினே, அது நழுவுச்சு."

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. எத்தனையோ பேரு ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. கிளிப்பாலதான் மூட்டு போச்சுன்னு நிரூபணம் ஆகலை. கிளிப்பே போடாதவங்களுக்கும் இது வருது. இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கறதும் பதினஞ்சு இருபது வயசுலதான், நாங்க கிளிப்பு போடறதும் அந்த வயசுலதான். ரெண்டு பேரு ஒரே பஸ்ல ஏறினா சொந்தக்காரங்கன்னு அர்த்தமா?"

"ஒரே பஸ்ல ஏறி, பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்து, ஒரே ஸ்டாப்புல இறங்கினா? அப்பவும் 'யாருங்க நீங்க'ன்னு கேப்பியா?"

"அண்ணே, தாடை கதவு இல்லை. கதவு சுத்தும், அவ்வளவுதான். இது சுத்தும், முன்னால வழுக்கவும் செய்யும். வழுக்குற கீலை நீங்க எங்கயாவது மாட்டியிருக்கீங்களா?"

முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தத்துவத்தில் ஒரு விரிசல். அதனால் குரலை உயர்த்தினார். "பேச்சை மாத்தாதே!"

"சரி, இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

மகள் வாயெடுப்பதற்குள் கதவுக்காரர் முந்திக்கொண்டார். "ஒரு மாசமா."

டாக்டர் கைகளை இறக்கினார். "ஒரு மாசமாவா?" நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஏண்ணே, அப்பவே வந்திருக்கக் கூடாதா? ரெண்டு மூணு நாளுக்குள்ளன்னா கையால கீழ அழுத்தி, முன்னால இழுத்து, அந்தத் தட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முயற்சி பண்ணலாம். பல நேரம் அப்பவே திறந்துடும். நாளாக ஆக வாய்ப்புக் குறையும். இனிமே வாய்க்குள்ள போட்டுக்கற மாதிரி பிளாஸ்டிக் தட்டு செஞ்சு, பயிற்சி கொடுத்து, மெதுவாத்தான் போகணும். மாசக்கணக்குல ஆகும்." அவள் பக்கம் திரும்பினார். "டெஸ்ட்டு இன்னைக்குதானேம்மா? தள்ளிவைக்கச் சொல்லிப் பாக்கலாமா?"

தள்ளிவைக்க மாட்டார்கள். அது அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

இப்போது கதவுக்காரர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. கிழமையின் பெயர். அதைச் சொன்னால் மகளுக்கு வாய் திறக்க வழி உண்டு. சொன்னால் சண்டை முடிந்துவிடும், தோற்றது யார் என்பதும் தெரிந்துவிடும். அவர் வாயைத் திறந்தார். மூன்று விரல் தாராளமாகப் போகும். எதுவும் வெளியே வரவில்லை.

"வியாழக்கிழமை" என்றாள் கடுகு.

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது என்பார்களே, அதற்கு அன்றைக்குத்தான் கதவுக்காரர் நேரடி உதாரணம் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"முந்தாநேத்து. அப்பாதான் திறந்தாரு. ஆப்பிள் வெச்சு."

கிளிப்பு டாக்டர் மெதுவாக அண்ணனைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட தத்துவம் அவருக்கு மனப்பாடம்.

"இறுகின கீலை... வீசித் திறந்தீங்களா?"

"அது வந்து..."

"ஆப்பிளை வெச்சு!" டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "காலைல இருந்து கிளிப்பு கிளிப்புன்னு... ஆப்பிளு! கேட்டியாம்மா? கிளிப்பு இல்லை, ஆப்பிளு!"

கடுகு கையை வீசினாள். நாற்காலியோரம் இருந்த தட்டு, அதிலிருந்த கண்ணாடி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றோடும் தரையில் விழுந்து அறை முழுக்க உருண்டது. வெளியே காத்திருந்த இன்னும் ஒருவர் எழுந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது.

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"கையால தள்றதை யாரு பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"நானே பண்றேன்ம்மா."

"நீங்க வேண்டாம்."

"ஏம்மா?"

"மூட்டு பாக்கறவங்க யாராவது இருக்காங்களா, இல்லையா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததில் கொஞ்சம் அடிபட்டதும் தெரிந்தது. "என் கூடப் படிச்சவங்க ஒருத்தங்க. நாலு கட்டடம் தள்ளி. தாடை மூட்டு மட்டும்தான் பாக்கறாங்க."

"கூப்பிடுங்க. இப்பவே."

*

மூட்டு டாக்டர் வரும்போதே கோட்டுக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு வந்தார். எடுத்தவுடன் கேட்டது, "இவருதான் அப்பாவா?" தெரிந்துகொண்டதும், "ரெண்டு பேரும் வெளியே இருங்க" என்றார்.

"நான் டாக்டர்" என்றார் கிளிப்பு டாக்டர், தன்னுடைய மருத்துவமனையில் நின்றுகொண்டு.

"தெரியும். வெளியே இருங்க."

வெளியே நடைபாதையில் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நடுவில் நாலடி தூரம். சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஆசிரியர் வெளியே நிற்கவைத்தால் நிற்பார்களே, அதே நிலை. மயிர் மட்டும் நரைத்திருந்தது. தம்பிக்கு அதுவும் இல்லை.

"ஒரு மாசம்னு ஏண்ணே சொன்னீங்க?" டாக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. சிரிப்பு எங்கோ போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. "நான் அதை நம்பி அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என்னைத் திட்டறதுக்காக அவ வாயை மூடிவெச்சிருப்பீங்களா?"

"நீ மட்டும் கிளிப்பு மாட்டாம இருந்திருந்தா..."

"தெரியாதுண்ணே! எனக்குத் தெரியாது. கிளிப்பால வரலைன்னு புத்தகம் சொல்லுது, நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா இந்த ஒரு பொண்ணுக்கு, இந்த ஒரு மூட்டுக்கு என்ன ஆச்சுன்னு உறுதியா சொல்ல யாராலயும் முடியாது. ராத்திரி அதை வெச்சுக்கிட்டு நான் தூங்கணும். நீங்க ஆப்பிளை வெச்சுக்கிட்டு தூங்குங்க."

கதவுக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். தம்பி மேல், புத்தகம் மேல், போனில் படித்த கட்டுரை மேல், எதிரே சாத்தியிருந்த அந்தக் கதவு மேல். அவர் தாடையை இறுக்கினார்.

உள்ளே ஒரு சின்ன முனகல். அப்புறம் 'டக்'.

இருவரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி நகர்ந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. மூட்டு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டே முக்கால் விரல். திறந்துடுச்சு. ஆனா திரும்பவும் மாட்டிக்கலாம், அதை இப்பவே சொல்லிடறேன். நான் எதுக்கும் உறுதி குடுக்க மாட்டேன். இன்னைக்குச் செய்தி படிக்கலாம். கத்தக் கூடாது, பெரிசா கொட்டாவி விடக் கூடாது, கடினமானது எதையும் கடிக்கக் கூடாது." கடைசி வரியில் கண் கதவுக்காரர் மேல் நின்றது. "அப்புறம் ஒரு பயிற்சி. நாக்கு நுனியை மேல்வாயில ஒட்டி வெச்சுக்கணும். அது விலகாம எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு மட்டும் மெதுவா திறந்து மூடணும். மத்த நேரம் உதடு மூடியிருக்கணும், பல்லு பல்லைத் தொடக் கூடாது."

"அவ்வளவுதானா?" கதவுக்காரருக்கு நம்ப முடியவில்லை. "நாக்கை மேல ஒட்டிக்கிட்டு மெதுவா திறந்து மூடறதா? இது வைத்தியமா, தவளைக்குப் பள்ளிக்கூடமா? ஒரு எண்ணெய் இல்லை, ஒரு முடுக்கு இல்லை. சும்மா வாயைத் திறந்து மூடினா ஊர்ல இருக்கற அத்தனை மீனும் டாக்டர்தான்."

மூட்டு டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்டுல வேற யாருக்காவது தாடையில சத்தம் வருமா? பல்லைக் கடிக்கற பழக்கம்?"

"எங்க பரம்பரையிலேயே கிடையாது" என்றார் கதவுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூட்டு டாக்டர் அவர் கன்னத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடுகு வெளியே வந்தாள். கன்னத்தில் ஒத்தடம் கொடுத்த சிவப்பு இன்னும் இருந்தது. வாயை மெல்லத் திறந்தாள், மூடினாள்.

"அப்பாடா" என்றார் கிளிப்பு டாக்டர்.

"கண்ணு" என்றார் கதவுக்காரர்.

கத்தக் கூடாது என்று மூட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கத்தவில்லை. செய்தி வாசிக்கும் குரலில் பேசினாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. வெள்ளத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும் குரல் அது.

"பதினஞ்சு வயசுல இதே நாற்காலியில உக்காந்து உங்ககிட்ட சொன்னேன், சித்தப்பா. வாயைத் திறந்தா காதுகிட்ட டக்குனு கேக்குது, வலிக்குதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?"

டாக்டருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை, அதுதான் முகத்தில் கொடுமையாக இருந்தது.

"உள்ள யாரோ டைப்ரைட்டர் அடிக்கறாங்க போலன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கும் கிளிப்பு ரப்பரை முடுக்கி அனுப்பிட்டீங்க. அப்பாகிட்ட வந்து சொன்னேன். புதுக் கதவு கொஞ்ச நாள் சத்தம் போடத்தான் செய்யும்னாரு."

கதவுக்காரருக்கு அது நினைவிருந்தது. அப்போது நல்ல பதில் என்று அவரே ரசித்திருந்தார்.

"எனக்கு வலிக்குதுன்னு சொன்னப்போ ரெண்டு பேருக்கும் உவமை வந்துச்சு. ஒருத்தர் கையும் என் காதுகிட்ட வந்து தொட்டுப் பாக்கலை. இன்னைக்கு வந்தவங்க எடுத்ததும் முதல்ல அதைத்தான் பண்ணினாங்க. கிளிப்பால வந்துச்சா, வரலையான்னு நீங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் சண்டை போடுங்க. அது யாருக்கும் தெரியாதாம், சரி. ஆனா நான் சொன்னேன், நீங்க பாக்கலை. இது தெரியும். இதுக்கு ஆராய்ச்சி வேண்டாம்."

"கடுகு..." என்றார் டாக்டர்.

"இன்னும் முடிக்கலை." அவள் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாள். "அந்தப் படத்தைக் கழட்டாதீங்க. பக்கத்துல இன்னொண்ணு மாட்டுங்க. இன்னைக்குக் காலைல நான் வாயைத் திறந்து நானே எடுத்த படம் போன்ல இருக்கு, அனுப்பறேன். முன், பின், அதுக்கும் பின்."

வரவேற்பில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மிச்சமிருந்த ஒரே நோயாளி அதுவரை புரட்டிக்கொண்டிருந்த பத்திரிகையை மூடிவைத்தார்.

கிளிப்பு டாக்டர், "அனுப்பும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தம்பி தோற்றதைப் பார்த்த கதவுக்காரருக்கு ஒரு நொடி திருப்தியாகக்கூட இருந்தது. மகள் இன்னும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அடுத்த நொடி புரிந்தது.

"நீங்க வண்டி ஓட்டினா போதும்பா" என்றாள்.

*

வண்டிக்குள் அவள் வாசிக்க வேண்டியதை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைத்துப் படித்தாள். இடையிடையே நாக்கை மேலே ஒட்டி, மெதுவாகத் திறந்து மூடினாள். கதவுக்காரர் முன்னால் போன லாரியைத் திட்டினார், பின்னால் வந்த காரைத் திட்டினார், சிவப்பு விளக்கைத் திட்டினார். மகளைப் பார்த்துப் பேச அவருக்குக் கைவசம் எதுவும் இல்லை.

"மன்னிச்சுடு" என்பது சின்ன வார்த்தைதான். ஒன்றரை விரலில்கூட வந்துவிடும். ஆனால் அவர் அதைச் சொல்லிப் பழகியதில்லை. "சாப்பிட ஏதாவது வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

"எதை?"

லாரியை மறுபடியும் திட்டினார்.

வானொலி நிலையத்தின் வாசலில் இறங்கிக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"உள்ள வராதீங்க. காவலாளிகூட சண்டை போடாதீங்க. அவங்க கதவு எப்படி இருந்தாலும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"ஏற்கெனவே பாத்துட்டீங்க."

பார்த்துவிட்டார்தான். அந்தப் பெரிய கண்ணாடிக் கதவு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தரையில் அரைவட்டமாகக் கீறல். அவள் தோளை வைத்துத் தள்ளித்தான் உள்ளே போக முடிந்தது. முப்பது வருட அனுபவம் அவர் கைகளில் அரித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

மணி மூன்றைத் தாண்டியது. இப்போது உள்ளே ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். இப்போது அவள் ஆரம்பித்திருப்பாள். எந்தச் சொல்லில் மாட்டும்? 'நாடாளுமன்ற'த்திலா, 'வாக்காளர்க'ளிலா? தமிழில் இத்தனை 'ஆ' இருக்கிறது என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. யார் வைத்தார்கள் இத்தனையை? அவர்கள்மீதும் கோபம் வந்தது.

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. கன்னத்தின் ஓரத்தில், காதுக்குக் கீழே, ஒரு தசை உருண்டு உருண்டு அடங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சின்ன மிருகம் தோலுக்கடியில் மாட்டிக்கொண்டு வழி தேடுவதுபோல. மூட்டு டாக்டர் பார்த்தது இதைத்தான். கதவுக்காரர் விரல் வைத்து அழுத்தினார். கல்லாக இருந்தது. எப்போதிருந்து இப்படிக் கடித்துக்கொண்டிருக்கிறார்? காலையிலிருந்தா? வியாழனிலிருந்தா? இன்னும் முன்னாலா?

தளர்த்துவதற்காக வாயை மெல்லத் திறந்தார்.

காதோரம் 'டக்'.

அப்படியே நிறுத்தினார். மூடினார். மறுபடி திறந்தார். 'டக்'. தெளிவாக, சுத்தமாக, வண்டிக்குள்ளே கேட்கும்படியாக.

வாழ்நாளில் ஒரு கம்பிகூட அவர் பல்லைத் தொட்டதில்லை. கிளிப்பு டாக்டரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இந்தச் சத்தம் புதிதா, பழையதா? பழையதுதான். சாப்பிடும்போதெல்லாம் வரும். சோற்றில் கல் என்று இவ்வளவு நாள் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காவலாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

பக்கத்து இருக்கையில் போன் அதிர்ந்தது. திரையில் 'தம்பி'. இன்றைக்கு இவ்வளவு நடந்த பிறகும் அவன் கூப்பிடுகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. எடுக்கலாம். எடுத்தால் பேச வேண்டும்.

கதவுக்காரர் நாக்கு நுனியை மேல்வாயில் ஒட்டிவைத்தார். அது விலகாதபடி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத் திறந்தார். மெதுவாக மூடினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மறுபடியும் திறந்தார்.